பெட்டி திரும்பாத சந்தில் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் சந்தில் செத்தவர்கள் பள்ளிக்கூடம் வழியாகத்தான் போவார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சந்தைப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

தருமபுரி டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், கடைகளுக்கு நடுவே நுழைகிற சந்து அது. ஒரு பைக் வந்தால் நடக்கிறவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். என் வாசலில் உட்கார்ந்து நான் புளி தட்டினால் கொட்டை எதிர்வீட்டுக்குள் போய் விழும். பாதித் தூரத்தில் சந்து முழங்கை போல மடங்குகிறது. அந்த மடக்கில் ஆள் திரும்பலாம், சைக்கிள் திரும்பலாம், கேஸ் சிலிண்டரை உருட்டித் திருப்பலாம். படுத்திருக்கும் ஆளைத் திருப்ப முடியாது. எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் பெட்டி, இந்து வீடுகளில் பாடை. இரண்டுமே நீளம். இப்போது வாடகைக்கு எடுக்கிற ஃப்ரீசர் பெட்டி அதைவிட நீளம்.

மடக்குக்கு உள்ளே குடியிருக்கும் எங்களுக்கு அதனால் ஒரே வழி பள்ளிக்கூடம்தான். அது சின்ன ஆரம்பப் பள்ளி. எங்கள் பக்கத்துச் சுவரில் ஒரு தகரக் கதவு, அந்தப் பக்கம் பெரிய ரோட்டுக்கு இரும்பு கேட், நடுவே பிள்ளைகள் ஓடுகிற இடம். யாராவது இறந்தால் ஒருவர் போய்ச் சொல்வார், பெரிய டீச்சர் தகரக் கதவைத் திறந்துவிடுவார். ஃப்ரீசர் பெட்டி எடுத்தால் அதையும் பள்ளிக்கூட வராண்டாவில்தான் வைப்போம். மேளச் சத்தம் உள்ளே நுழைந்ததும், "எல்லாரும் எந்திரிங்க, செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க" என்பார். பிள்ளைகள் உடம்பைத் திருப்புவார்கள், கண்ணைத் திருப்ப மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்கியவர். எழுத்து வாசனை இல்லாத மனிதர். அவர் பள்ளிக்கூடத்துக்குள் போனது, பெட்டியில் படுத்துப் போன அந்த ஒரே தடவைதான். மறுநாள் இடைவேளையில் பிள்ளைகள் பெட்டி தூக்கி விளையாடினார்கள். ஒருத்தன் கட்டை போலப் படுத்துக்கொள்ள, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "டேய், இன்னிக்கு நீ செத்தது போதும், எனக்கும் சாவு குடுறா" என்று ஒருத்தன் சண்டை போட்டான். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன்.

நான் நாலு பேருக்கு முன்னால் பேசுகிறவள் இல்லை. கூச்ச சுபாவம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூட ஃபாதர், "சத்தமா சொல்லுங்கம்மா, பாவம் ஓடிப்போயிடாது" என்பார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபிறகு போய்ச் சாப்பிடுகிற ஆள். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பிறந்தேன். ஐந்தாவது வரைக்கும் எங்கள் ஊரிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாவதுக்கு ரோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் விட முடியாது என்றார்கள். என் தலையில் படிப்பு ஏறவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் சந்துப் பள்ளிக்கூடத்தின் தளம் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. கம்பி வெளியே தெரிந்தது. ஒரு வகுப்பைப் பூட்டிவிட்டு அந்தப் பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வைத்தார்கள். அப்புறம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கட்டடத்துக்கு வரைபடம் போட ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, ஜீன்ஸ் பேண்ட், தோளில் ஒரு பை. வந்தவள் அளவெடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தோம். அவளோ காலையில் வந்து எங்கள் படிகளில் உட்கார்ந்து பிள்ளைகள் எப்படி வருகிறார்கள், எங்கே செருப்பை விடுகிறார்கள், எங்கே மூத்திரம் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பெண் பிள்ளைகள் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை அவள்தான் கவனித்தாள். இருந்த கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

பிறகு ஒரு நாள் அட்டையில் பள்ளிக்கூடம் செய்து கொண்டுவந்தாள். வராண்டா பெஞ்சில் வைத்தாள். சந்தே திரண்டு போய்ப் பார்த்தது. நான் எல்லோரும் போனபிறகு போனேன். பொம்மை வீடு மாதிரி இருந்தது. கீழே சுவரே கிடையாது, தூண்கள் மட்டும். மேலே வகுப்புகள், அதற்கும் மேலே இன்னும் வகுப்புகள், மொட்டை மாடியில் வலை.

"கீழ ஏன் கண்ணு ஒண்ணுமே கட்டல?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இடம் கொஞ்சமா இருக்கில்லங்க அம்மா. கீழ வகுப்பு கட்டிட்டா பிள்ளைங்க எங்க ஓடும்? மழைலயும் வெயில்லயும் கீழ விளையாடட்டும், மேல படிக்கட்டும். சுத்தி எல்லாம் வீடு, காத்து வராது. அதனால செவுத்துல ஓட்டை வெச்ச செங்கல்லு. படிக்கட்டையே அகலமா வெச்சிருக்கேன், பிள்ளைங்க உக்காந்து சாப்பிடலாம்."

அந்தப் படிக்கட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். படிக்கட்டுக்குக் கீழே தாழ்ப்பாள் போட்ட கக்கூஸுகள். தகரக் கதவு இருந்த இடத்தில் அந்தப் படிக்கட்டு நின்றது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் தெருப் பெரியவருக்கு உறைத்தது.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். இன்னும் விசில் ஊதுகிற தோரணையில்தான் பேசுவார். அட்டைப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து கேட்டார்:

"ஏம்மா மேடம், பொணம் எங்க போவும்?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பெரிய டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவளுக்குச் சந்தின் வழக்கத்தைச் சொன்னார்கள். அவள் ஊருக்குப் போய் மறுபடி மறுபடி வரைந்து பார்த்தாள். படிக்கட்டை அந்தப் பக்கம் வைத்தால் வகுப்பு இருட்டாகிறது. இந்தப் பக்கம் வைத்தால் கழிவுத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடாது. நடுவில் வைத்தால் விளையாட இடம் இல்லை. படிக்கட்டு இல்லாமல் மாடி இல்லை, மாடி இல்லாமல் அந்த இடத்தில் பள்ளிக்கூடமே இல்லை. அதோடு ஆபீஸில் இன்னொன்றும் சொல்லிவிட்டார்கள்: புதுக் கட்டடத்துக்குள் பொது வழி இருக்கக் கூடாது. சந்துக்காரர்கள் வழியை விட்டுக்கொடுத்தால் கட்டுவோம். தகராறு என்றால் பிள்ளைகளைச் சேலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவோம்.

"சேத்துக்கட்டும்" என்றார் கண்டக்டர். "பிள்ளைங்க நடந்து போவும். பொணம் நடக்குமா?"

ஆண்கள் தலையாட்டினார்கள்.

என் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. அதில் சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் கட்டட வேலைக்கு விடியும் முன்னே கிளம்பிப் போவார்கள். அவர்கள் பெண் ஒன்றாவது படித்தாள். தானே தலைவாரி, தானே பையை மாட்டி, என் படியைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவாள். எதுவும் நடந்தால் கூப்பிடுகிற தூரம்.

சேதி கேட்ட அன்று சாயங்காலம் அவள் அம்மா சிமெண்டு ஒட்டிய கையோடு என் வாசலில் நின்றாள்.

"நெசமா ஆயா? சேலம் ரோட்டுக்கு அந்தாண்டயா?"

"அப்படித்தான் பேசிக்கறாங்க."

"லாரி ஓடற ரோட்ட யாரு தாண்டி வுடுவாங்க? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். மலைக்கே கொண்டு போய் எங்க ஆத்தாகிட்ட வுட்டுர்றேன். ஆடு மேய்க்கட்டும்."

"அங்க பள்ளிக்கூடம் இல்லயா?"

"இருக்குது, எறங்கி ஏறணும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். எங்கள் வீட்டில் எனக்குச் சொன்னபோதும் அந்தக் குரலில்தான் சொன்னார்கள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நடப்பவர்களுக்காக யாரும் வாய் திறக்கவில்லை, படுத்துக்கொண்டு போகப் போகிறவர்களுக்காக இத்தனை பேர் பேசுகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. அதிலும் இப்போது மடக்குக்கு உள்ளே வயசில் மூத்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால், அடுத்தது நான்தான். அவர்கள் சண்டை போட்டது என் பெட்டிக்காக. என்னை யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா, வயசில் எனக்குச் சின்னவள்தான், கன்னடம் பேசுகிற குடும்பம். எல்லைப்பக்கத்திலிருந்து அந்தக் காலத்திலேயே வந்தவர்கள். அவளும் நானும் எதிரெதிர் வாசலில் உட்கார்ந்து கடைக்காரர் கொடுத்த புளியைத் தட்டிக் கொட்டை எடுப்போம். மறுநாள் காலை தட்டும்போது அக்கா தன்பாட்டுக்குச் சொன்னாள்:

"உங்காளுங்க எல்லாம் ஸ்கூலு வழியா போறாங்க. எங்க வூட்டாரு மட்டும் மடக்குல ஜம்முனு திரும்பிப் போனாரு, மாப்பிள்ள மாதிரி."

கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தேன். ஆமாம். அவர்கள் வழக்கத்தில் செத்தவரைப் படுக்க வைப்பதில்லை. உட்கார வைத்துத்தான் தூக்குவார்கள், உட்கார வைத்துத்தான் புதைப்பார்கள். அவள் புருசன் போன அன்று தகரக் கதவைத் திறக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அது அவர்கள் முறை, நம்முடையது இல்லை என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

"அக்கா, எப்படித் தூக்குனீங்க? மூங்கில் நீளமா இருக்குமே?"

"ரோடு வரைக்கும் நாற்காலி மட்டும்தான். முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். ரோட்டுக்குப் போய்த்தான் மூங்கில் கட்டினாங்க. என்னாத்துக்குக் கேக்கற?"

"என்னயும் அப்படித் தூக்கச் சொல்லப் போறேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேடாம்மா, பேடா. வேணாம், உங்க சாமி கோவிச்சுக்கும்" என்றாள். நாலு புளி தட்டிவிட்டு, "ஆனா உசுரு போனதும் ஒடனே உக்கார வெச்சு ரோட்டுக்குத் தூக்கிரணும். லேட் ஆச்சுன்னா உடம்பு வெறச்சுக்கும், மடங்கவும் மடங்காது, நிமிரவும் நிமிராது. உன் மவன் ஓசூர்லருந்து வர்றதுக்குள்ள நான்தான் உக்கார வெக்கணும்" என்றாள். அதற்குள் அவள் வேலையையே பிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வரைபடம் போட்ட பெண்ணும் வந்திருந்தாள். கண்டக்டர் பேசினார். அவருக்கு அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் அந்த வழியாகப் போனவர்கள் என்றார். கடைசி மரியாதை என்றார். மேடம் நல்லவங்கதான், ஆனால் அவங்க ஊரில் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அவர் கண் கலங்கியதும் பொய் இல்லை. எனக்கு அது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது.

நான் பெண்களுக்குப் பின்னால் தூணோரம் நின்றிருந்தேன். முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். 

"சரி, அப்ப யாரும் சம்மதிக்கலன்னு எழுதிக் குடுத்துரலாம்" என்றார் கண்டக்டர்.

"தம்பி" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரிக்கு மட்டும் கேட்டது. அவள், "ஆயா பேசுது, ஆயா பேசுது" என்று கத்தினாள். எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பிளக்கவில்லை. பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

"அடுத்தது நான்தானுங்க போவணும். என்ன உக்கார வெச்சுத் தூக்கிட்டுப் போங்க. சந்து வழியாவே. பெட்டி ரோட்டுல நிக்கட்டும், அங்க வந்து படுத்துக்கறேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"என்னக்கா பேசற? நல்லா வாழ்ந்த பொம்பள. சாவுல கேவலப்படணுமா?" என்றார் கண்டக்டர்.

"அக்கா வூட்டாரு கேவலப்பட்டா போனாரு?" என்றேன். எதிர்வீட்டு அக்காவின் மகன்கள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். கண்டக்டர் அவர்களைப் பார்த்துவிட்டு, "அப்படிச் சொல்லலப்பா" என்றார்.

எங்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்தார். "நம்ம முறையில படுக்க வெச்சுத்தான் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கணும்."

"கோயில்ல படுக்கறேன். ரோடு வரைக்கும் உக்காந்து வர்றேன். ஆண்டவரு உயிர்த்தெழுந்தப்ப படுத்துக்கிட்டா போனாரு?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. 

"பேசறதுக்கு நல்லாருக்குது. அவங்க வூட்டாரு ஒல்லி. எல்லா ஒடம்பும் அந்த மடக்குல திரும்புமா? மீட்டர் பெட்டி இருக்குது, கொழாய் இருக்குது, படி இருக்குது. மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க, அங்கயே வுட்டுட்டு வந்துருவீங்களா?" என்றார் கண்டக்டர்.

"இப்பவே தூக்கிப் பாருங்க" என்றேன்.

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து வரவில்லை. வாயில் வந்துவிட்டது. பெண்கள் "அய்யய்யோ" என்றார்கள். உயிரோடு இருக்கிறவளைப் பிணம் மாதிரித் தூக்குவதாவது, தெருவுக்கே ஆகாது என்றார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். பெரிய டீச்சர் உள்ளே போனார். கைப்பிடி வைத்த தன்னுடைய மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"டீச்சர், அது உங்க சேரு" என்றேன்.

"எனக்குத் தெரியும். உக்காருங்கம்மா."

தகரக் கதவு வழியாக நாற்காலியைச் சந்துக்குக் கொண்டுபோய் என் வாசலில் வைத்தார்கள். உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து என் இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு கட்டினாள். "கூத்கோ, நேரா கூத்கோ" என்று நேராக உட்காரச் சொல்லித் தோளை அழுத்தினாள். அவள் பெரிய மகன் முன்னால், சின்ன மகன் பின்னால். தூக்கினார்கள். எனக்குச் சாவு பயம் ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்கள் பார்க்கிறார்களே என்பதுதான். முந்தானையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அதனால் பார்ப்பதற்கு இன்னும் பிணம் மாதிரியே ஆகிவிட்டேன் என்று அப்புறம் சொன்னார்கள்.

மடக்குக்குக் கொஞ்சம் முன்னால் என்னைவிட ஒரு வயசு சின்ன கிழவி இருக்கிறாள், காது கேட்காது. கூட்டத்துக்கு வரவில்லை. வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் மூடிய முகம், முன்னும் பின்னும் ஆண்கள், பின்னால் தெருவே வருகிறது. எதிர்வீட்டுக்காரர் போனதை அவளும் பார்த்தவள்தானே. மார்பில் அடித்துக்கொண்டு ஒரே ஓலமாக விழுந்தாள்.

"அய்யோ என் ராசாத்தி! நேத்துதான தண்ணிக்கு என்னோட சண்ட போட்ட! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே! இனிமே நான் யாரத் திட்டுவேன்!"

அவள் அழுததைக் கேட்டு எனக்கே அழுகை வந்தது. முந்தானையை விலக்கி, "நான் சாவலடி" என்றேன். அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அப்புறம் என் தொடையில் ஒரு அறை அறைந்தாள்.

"உசுரோடயா இருக்கற? அப்ப என் கொடத்தக் குடு!"

சந்து முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. அவர் மடக்கில் போய் நின்றுகொண்டிருந்தார்.

மடக்கில் நாற்காலியின் கால் குழாயில் மாட்டியது. பெரிய மகன் இழுத்தான். வரவில்லை. என் முழங்கால் சுவரில் இடித்தது. "ஆயா, கால மடக்கிக்கோ" என்றான். மடக்கினேன்.

"பாத்தீங்களா?" கண்டக்டர் கையை நீட்டினார். "பொணம் கால மடக்குமா? இப்ப சொல்லுங்க!"

அவர் சொன்னது நியாயம். பிணம் ஒத்தாசை செய்யாது. "பின்னால போங்க, முதல்லருந்து வாங்க" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, காலைத் தொங்கவிட்டேன். கையை மடியில் போட்டேன். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். என் எடை முழுவதையும் அவர்கள் கையில் விட்டேன். எத்தனையோ வருசமாக யார் கையிலும் நான் அப்படி என்னை விட்டதில்லை. நாற்காலி பின்னால் போனது. சின்னவன் பின்கால்களைத் தன் தோளுயரத்துக்குத் தூக்கினான். நான் முன்பக்கம் சரிந்தேன். துண்டு வயிற்றை அறுத்தது. கையை எடுத்து எதையாவது பிடி என்று உடம்பு கெஞ்சியது. பிடிக்கவில்லை. பெரியவன் மூச்சு என் முகத்தில் பட்டது. மீட்டர் பெட்டி காதை உரசிக்கொண்டு போனது. அப்புறம் வெயில் முகத்தில் அடித்தது. பஸ் ஹாரன் கேட்டது.

"ஆயா, ரோடு வந்துருச்சு" என்றான் பெரியவன்.

கண்ணைத் திறந்தேன். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் டம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரைபடம் போட்ட பெண் ஓடி வந்து துண்டை அவிழ்த்தாள்.  "ஏம்மா இப்படிப் பண்ணீங்க" என்று கேட்டாள். "நீ ஒழுங்காப் படி வெச்சுக் கட்டு. தாழ்ப்பாள மறந்துராத" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி பேச்சு நடந்தது. ஃப்ரீசர் பெட்டி எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார். ரோட்டு மேல் இருக்கும் மண்டபத்தில் வைக்கலாம் என்றார் இன்னொருவர். வீட்டில் வைக்காமலா என்றதற்கு, "உங்க வூட்டுல வெக்க எடம் ஏது, இத்தன நாளும் ஸ்கூல்லதான வெச்சீங்க" என்று மாடி வீட்டுக்காரி கேட்டாள். மலைக்காரி, வாடகைக்காரி, உனக்கென்ன பேச்சு என்று யாரும் அன்று சொல்லவில்லை. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார் பெரிய டீச்சர். பெண்கள் தூக்கினார்கள். பிறகு எதிர்வீட்டுப் பையன்கள், பிறகு ஒவ்வொருவராக. கண்டக்டர் கை தூக்கவில்லை. எழுந்து போய்த் தகரக் கதவை இழுத்துச் சாத்தினார். சாத்திவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். அவர் அப்பாவையும் அம்மாவையும் நினைத்திருப்பார். நானும் என் வீட்டுக்காரரை நினைத்தேன். அதற்காக நான் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு மூன்று பெண்கள் குடத்தில் தண்ணீரோடு வழிமறித்து நின்றார்கள்.

"தூக்கிட்டுப் போன ஒடம்பு. தலைக்கு ஊத்திக்காம வூட்டுக்குள்ள போவாத ஆத்தா."

"தூக்குனவங்கதான் குளிக்கணும். செத்தவ எந்த ஊர்ல வந்து குளிச்சா?" என்று கேட்டுவிட்டு நடுவில் புகுந்து உள்ளே போனேன்.

அன்று சாயங்காலத்துக்குள் அது ஓசூர் வரைக்கும் போய்விட்டது. யாரோ செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். என் மகன் கூப்பிட்டான். கம்பெனியில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்.

"என்னம்மா வேல பண்ணி வெச்சிருக்க? நான் மூஞ்ச எங்க கொண்டு போய் வெச்சுக்கறது? நான் உசுரோட இருக்கும்போது உன்ன நாற்காலியில தூக்குவாங்களா?"

"உசுரோட இருக்கும்போதே தூக்கிட்டாங்கப்பா" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ அங்க இருந்தது போதும். இங்க வந்துரு. இங்க லிஃப்ட்டு இருக்குது."

"உன் லிஃப்ட்டுல பெட்டி படுக்கையா நுழையுமா?"

போனை வைத்துவிட்டான். அதற்கப்புறம் அவன் ரொம்ப நாள் பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கு வலிக்கத்தான் செய்தது. பிள்ளைக்கு அம்மாவை ராஜமரியாதையோடு அனுப்ப ஆசை இருக்கும். அவன் ஆசைக்காக அடுத்தவர் பெண்ணை ஆடு மேய்க்க அனுப்ப முடியுமா?

கட்டடம் எழும்பியது. வருசம் கடந்தது. இழுத்துக்கொண்டே போனது. பெரிய ரோட்டில் பகலில் மணல் லாரியை நிற்க விடமாட்டார்கள், எல்லாம் தூரத்திலிருந்து தலையில் சுமந்ததுதான். தூசி என் அரிசிப் பானை வரைக்கும் வந்தது. பிள்ளைகள் அதுவரைக்கும் மண்டபத்தில் படித்தார்கள். கட்டட வேலைக்கு மாடி வீட்டுக்காரியும் அவள் புருசனும் போனார்கள். தன் பெண் ஏறப்போகிற படிக்குத் தானே சிமெண்டு பூசியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எல்லாம் நல்லபடியாக அமைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வரைபடத்தில் அகலமாக இருந்த படிக்கட்டு கட்டும்போது கொஞ்சம் குறுகிவிட்டது. மொட்டை மாடி வலையைக் கடைசி வரைக்கும் போடவில்லை, அதனால் மாடிக்குப் பூட்டு. எங்கள் சந்துப் பிள்ளைகள் இப்போது சுற்றிக்கொண்டு இரும்பு கேட் வழியாகத்தான் நுழைகிறார்கள். என் சமையலறையில் காலை வெயில் போய்விட்டது. இப்போது பகலிலும் பல்பு போட்டுத்தான் அரிசி களைகிறேன். அந்தப் பெண் திறப்பு விழாவுக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்து இருட்டைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். "பரவால்ல கண்ணு, பெரிய பல்பு வாங்கிக்கறேன்" என்றேன். ஆனால் தாழ்ப்பாள் இருக்கிறது. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிறார்கள்.

போன மாதம் என் மகன் வந்தான். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. பெரிய ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சந்து வழியாக நடந்து வந்தவன், மடக்கில் நின்று சுவரையும் குழாயையும் பார்த்ததை என் வாசலிலிருந்து நான் பார்த்தேன். வந்து உட்கார்ந்து காபி குடித்தான். பள்ளிக்கூடப் படிக்கட்டு அடைத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"ஊர்ல எல்லாருக்கும் இருக்கற வழி உனக்கு இல்லாமப் பண்ணிக்கிட்டியேம்மா. அந்த மாதிரித் தூக்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

"நீ சம்மதிக்க வேணாம்பா. ஆளுங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"என்ன?"

அந்த நேரம் பார்த்து மேலே எந்த வகுப்பிலோ வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டைச் செங்கல் வழியாகச் சத்தம் நேராக என் வீட்டுக்குள்தான் இறங்கும். கீழே தூண்களுக்கு நடுவே இன்னொரு கும்பல் ஓடிப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தது.

"கேக்கலம்மா, என்ன சொன்ன?" என்று காதைக் கொண்டுவந்தான்.

எழுந்து நின்றேன். எனக்கு இருக்கிற குரல் எல்லாவற்றையும் திரட்டி, "உக்காந்துதான்டா போவேன்!" என்று கத்தினேன்.

சந்தில் இரண்டு பக்கமும் தலைகள் எட்டிப் பார்த்தன. பார்த்துக்கொள்ளட்டும் என்று அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி ஊற்றினேன்.